அறுப்பின் பண்டிகையன்று பின்னிய சடை

அம்மாவை அடக்கம் செய்து ஒரு மாதம் கழித்து நினைவுக் கூட்டம் வைத்தார்கள். பேச வந்தவர்கள் எல்லோரும் அவளை அம்மா என்றே சொன்னார்கள். அம்மா எங்கள் ஊருக்கு வந்த புதிதில், அம்மா ஒரு தடவை என்னைக் கூப்பிட்டு, அம்மா கையால் எங்கள் வீட்டுக் கல்யாணம் நடந்தபோது என்று ஆளாளுக்கு ஒரு கதை வைத்திருந்தார்கள். என் மகன் பத்தாம் வகுப்பு படிக்கிற இந்த வயதிலும், முன்வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. கடைசியாக, அம்மா படிக்க வைத்த சாராள் பேசினாள். மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் பேசினாள். கூட்டம் முழுக்க அழுதது. அவளுக்கு முன்பே நானும் பேசியிருந்தேன். என் பேச்சுக்கு அவ்வளவு பேர் அழவில்லை. நான் எண்ணிப் பார்க்கவில்லை, எண்ணாமலே தெரிந்தது.

அம்மா முதலில் டீச்சர். கோவில்பட்டியில் வரிசை வீடுகள் கொண்ட எங்கள் வளவுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த ஆரம்பப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தாள். நானும் அங்கேதான் சேர்ந்தேன். பள்ளிக்கூட வாசலைத் தாண்டினால் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். ஒரு நாள் சிலேட்டை நீட்டியபோது வாய் தவறி அம்மா என்று விட்டேன்.

"இங்க யாருட்டி ஒனக்கு அம்மா?" என்றாள்.

வகுப்பே சிரித்தது. சாயங்காலம் வீட்டில் அதே ஆள் எனக்குத் தோசை சுட்டுப் போட்டாள். நான் தட்டைப் பார்த்தபடி, "போதும், டீச்சர்" என்றேன். மில்லில் ஃபிட்டராக வேலை பார்த்த அப்பா அப்போதுதான் ஷிப்டு முடிந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தார். அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அம்மா சிரிக்காமல் இன்னொரு தோசையைப் போட்டுவிட்டுப் போனாள்.

மற்றப் பிள்ளைகளுக்கு அவள்மேல் அப்படியொரு பிரியம். தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள்தான் அங்கே நிறைய. கடலைமிட்டாயைத் தாளில் பொதிந்து கொண்டுவந்து அவள் மேஜையில் வைப்பார்கள். அவள் அதை உடைத்து எல்லோருக்கும் கொடுப்பாள், எனக்குக் கடைசியாக. யாருக்காவது பித்தான் அறுந்திருந்தால் தன் சேலையில் குத்தியிருக்கும் ஊக்கைக் கழற்றி மாட்டிவிடுவாள். என் பித்தான் அறுந்தால் வீட்டுக்கு வந்த பிறகு பார்க்கலாம் என்பாள். ஆண்டுவிழாவில் பாட்டுச் சொல்ல என்னை ஒரு தடவைகூட நிறுத்தியதில்லை. எனக்குத்தான் எல்லாரையும்விடச் சுத்தமாகச் சொல்ல வரும் என்று அவளுக்குத் தெரியும்.

"டீச்சர் பிள்ளைய நிப்பாட்டிட்டான்னு நாலு பேரு பேசுவாவ. அது நமக்கு வேண்டாம்" என்பாள்.

அந்த நாலு பேர் யார் என்று நான் வெகுநாள் தேடிக்கொண்டிருந்தேன்.

நாங்கள் மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்தவர்கள். எங்கள் பக்கத்தில் அது சின்னக் கூட்டம். ஊருக்கு ஒரு போதகர் என்றெல்லாம் கிடையாது, ஒரே போதகர் பல கிராமங்களைப் பார்த்துக்கொள்வார். அவரால் போக முடியாத ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவை அனுப்புவார்கள். அம்மா பிரசங்கம் செய்வாள், ஜெபம் பண்ணுவாள். ஆனால் போதகராக அபிஷேகம் பெறாதவள் என்பதால் அப்பமும் திராட்சை ரசமுமான திருவிருந்தைக் கொடுக்க முடியாது.

நான் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது, விளாத்திகுளம் போகிற வழியில் உள்ள ஒரு கரிசல் கிராமத்துக்கு அப்படிப் போயிருந்தாள். அங்கே நோயில் கிடந்த ஒரு வயதான அம்மாள் திருவிருந்து வேண்டுமென்று கேட்டாளாம். போதகருக்கு ஆள் அனுப்பினார்கள். மழை பெய்து கரிசல் மண் சொதசொதவென்று கிடந்ததால் பஸ் ஊருக்குள் வரவில்லை. அவர் ரோட்டில் இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சேற்றில் நடந்து வருவதற்குள் அந்த அம்மாள் போய்விட்டாள். அதுவரை அவள் கையைப் பிடித்துக்கொண்டு அம்மா பக்கத்தில் இருந்திருக்கிறாள். "நீங்க குடுத்தா என்ன டீச்சர்?" என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாளாம்.

வீட்டுக்கு வந்து அம்மா இதை அப்பாவிடம் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. அதைவிட நன்றாக நினைவிருப்பது, அன்று எனக்கு வாங்கிவருவதாகச் சொல்லியிருந்த வளையலை அவள் வாங்கிவரவில்லை என்பது.

அடுத்த வருடம் அவள் வேலையை விட்டுவிட்டு இறையியல் கல்லூரியில் சேரப் போவதாகச் சொன்னாள். உறவுக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து பேசினார்கள். அடுத்த வாசலில் குடியிருந்த சித்தப்பா, "மைனி, பென்சன் உள்ள வேலை. ஆம்பளையளே யோசிப்பாவ. நீங்க பொம்பள, பிள்ளையையும் வச்சுக்கிட்டு இப்படிச் செய்யுதீங்களே" என்றார். எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள்.

"போகட்டும். போகவிடாம வச்சிருந்தா, அவ இங்கன இருந்தும் இல்லாத மாரிதான்" என்றார் அப்பா.

என்னை யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன்.

அவள் தூரத்து நகரத்தில் படித்த அந்த வருடங்களில் என்னை வளர்த்தது சித்தி. சித்திக்கும் சித்தப்பாவுக்கும் பிள்ளை இல்லை. காலையில் அப்பா ஷிப்டுக்குப் போனதும் எங்கள் வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு நான் அடுத்த வாசலுக்குப் போய்விடுவேன். குளிப்பது, சாப்பிடுவது, வீட்டுப்பாடம் எழுதுவது எல்லாம் அங்கே. எனக்கு அம்மை போட்டிருந்தபோது வேப்பிலைக் கொத்தை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள் சித்திதான். அம்மாவுக்குச் சொல்லி, அவள் ரயில் பிடித்து வருவதற்குள் எனக்குத் தலைக்குத் தண்ணீர் விட்டாகிவிட்டது. "நல்லா பாத்திருக்க" என்று அம்மா சித்தியிடம் சொன்னாள். "இதுல என்ன இருக்குக்கா" என்றாள் சித்தி.

படிப்பு முடிந்ததும், திருவிருந்து கிடைக்காமல் அந்த அம்மாள் செத்துப்போன அதே கிராமத்தையும் சுற்றுப்பட்டியையும் அம்மாவுக்குக் கொடுத்தார்கள். கோயிலை ஒட்டி ஓடு போட்ட சின்ன வீடு, போதகர் தங்குவதற்கு. அதைக் குருமனை என்பார்கள். என் பள்ளிக்கூடமும் அப்பாவின் மில்லும் கோவில்பட்டியில் இருந்ததால் நாங்கள் இங்கே, அம்மா அங்கே என்று ஆகிவிட்டது. ஊரில் எல்லார் வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமை அம்மா இருப்பாள். எங்கள் அம்மா திங்கட்கிழமைதான் வருவாள். நான் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்கும் அவள் கடைசி பஸ்ஸுக்குக் கிளம்புவதற்கும் சரியாக இருக்கும்.

அந்தக் கிராமத்தாருக்கு அவளை எப்படிக் கூப்பிடுவது என்று முதலில் குழப்பம். போதகரின் மனைவியை ஐயரம்மா என்பது எங்கள் பக்கத்து வழக்கம். போதகரே பெண்ணாக வந்து நின்றால் என்ன செய்வது? நான் அப்பாவோடு போயிருந்த அன்று கோயில் வாசலில் பெரியவர்கள் இதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ஐயரம்மான்னா வீட்டுக்காரியக் கூப்பிடுத மாரில்லா இருக்கு" என்றார் ஒருவர்.

"அதுக்காவ ஐயான்னா கூப்பிட முடியும்?" என்றார் இன்னொருவர். "அம்மான்னே கூப்பிடுவோம். சோலி முடிஞ்சுது." பிறகு அப்பா பக்கம் திரும்பி, "அப்பம் அண்ணாச்சிய என்னன்னு கூப்பிட?" என்று கேட்டார்.

"ஃபிட்டர்னு கூப்பிடுங்க. கோயில் மணி கிரீச்சுன்னு கத்துது, ஒரு ஸ்பானர் இருந்தா கொண்டாங்க" என்றார் அப்பா.

அவருக்கு அவ்வளவு எளிதாகத் தீர்ந்துவிட்டது. எனக்குத் தீரவில்லை. பள்ளிக்கூடத்தில் நான் மட்டும் கூப்பிடக் கூடாது என்றிருந்த வார்த்தையை இங்கே தாடி வைத்த தாத்தாக்கள்கூடக் கூப்பிட்டார்கள். அவளும் யார் கூப்பிட்டாலும் திரும்பினாள். நான் கூட்டத்தில் அம்மா என்று கூப்பிட்டால் பாதி நேரம் திரும்பமாட்டாள். எத்தனையோ குரலில் அதுவும் ஒன்று.

தாத்தாக்களையாவது பொறுத்துக்கொள்ளலாம். சாராளைப் பொறுக்க முடியவில்லை. அவளுக்கு என் வயதுதான். ஆடு மேய்க்கிற குடும்பம். விடிவதற்கு முன் வருகிற தீப்பெட்டி ஆபீஸ் வேனில் ஏறிப் போய்க் குச்சி அடுக்கிக்கொண்டிருந்தவளை, அம்மா அவள் வீட்டில் நடையாய் நடந்து பேசிப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தாள். சாயங்காலமானால் குருமனையில் உட்கார வைத்து எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லிக்கொடுத்தாள். நாங்கள் லீவுக்குப் போகும்போதெல்லாம் சாராள் அங்கே இருந்தாள். உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று என்னிடம் அவள் சொன்னாள். எங்கள் அம்மாவின் வீட்டில், எங்கள் அம்மாவின் உப்பை!

ஒரு நாள் அவளிடம் கேட்டேன். "ஒனக்குத்தான் ஒரு அம்மா இருக்காவல்லா? எங்க அம்மாவ எதுக்கு அம்மான்னு கூப்பிடுத?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "எல்லாரும் அப்படித்தான கூப்பிடுதாவ" என்றாள். எனக்கு அதற்குமேல் கேட்கத் தெரியவில்லை.

நான் ஆறாம் வகுப்பு படித்த வருடம் மாசி மாதத்தில் அந்தக் கோயிலில் அறுப்பின் பண்டிகை வந்தது. விளைந்ததில் முதல் பலனைக் கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். மிளகாய் வற்றல், பருத்தி, கம்பு, உளுந்து, சேவல், ஆட்டுக்குட்டி எல்லாம் வந்து சேரும். ஆராதனை முடிந்ததும் அவற்றை ஏலம் விட்டு, பிறகு ஊருக்கெல்லாம் அசனச் சாப்பாடு போடுவார்கள். ஆராதனையில் வேதபாடம் வாசிக்க ஒரு பிள்ளையை நிறுத்தப் போவதாக அம்மா முந்தின திங்கட்கிழமை சொன்னாள். யாரை என்று சொல்லவில்லை. நான்தான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். மாவட்ட அளவில் பேச்சுப்போட்டியில் கப்பு வாங்கியவள் நான். எந்தப் பகுதி என்று அப்பாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்த வாரம் முழுக்க சித்தி முன்னால் நின்று வாசித்து வாசித்துப் பழகினேன். அதில் ஒரு நீளமான பெயர் வரும். அதைத் தடுக்காமல் சொல்லும்போதெல்லாம் சித்தி கையைத் தட்டுவாள். பண்டிகையன்று காலையில் அவளே எனக்குப் பட்டுப்பாவாடை கட்டி, எண்ணெய் வைத்து வாரி, ரெட்டைச் சடை பின்னி, சிவப்பு ரிப்பன் வைத்து மடித்துக் கட்டி, கனகாம்பரம் வைத்துவிட்டாள். அப்பா, சித்தப்பா, சித்தி, நான் எல்லோரும் பஸ் ஏறிப் போனோம்.

வெள்ளை அங்கியில் அம்மா பீடத்துக்குப் பக்கத்தில் நின்றாள். வேதபாடம் என்று அறிவித்தாள். நான் பாவாடையைச் சரிசெய்துகொண்டு எழுந்திருக்கப் போனேன். அதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து சாராள் எழுந்து போனாள்.

விரலை வைத்து வைத்து வாசித்தாள். ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்து விழுந்தது. என்னால் உட்கார முடியவில்லை. அந்த நீளமான பெயர் வந்ததும் முட்டிக்கொண்டு நின்றுவிட்டாள். வெளியே கட்டியிருந்த ஆட்டுக்குட்டி கத்துவது மட்டும் கேட்டது. சித்தி என் தொடையில் லேசாகத் தட்டினாள். அவளுக்கும் அந்தப் பெயர் மனப்பாடம்.

நான் அம்மாவைப் பார்த்தேன். என் வாசிப்பில் ஒரு சொல் தட்டினால் ஸ்கேலால் மேஜையில் தட்டுகிறவள் அவள். இப்போது அசையாமல் நின்றுகொண்டிருந்தாள். உதடு மட்டும் சத்தமில்லாமல் அந்தப் பெயரை ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிக்கொண்டிருந்தது. சாராள் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை, புத்தகத்தைத்தான் பார்த்தாள். தானாகவே கூட்டிக் கூட்டி அந்தப் பெயரைச் சொல்லி முடித்தாள். ஆண்கள் பக்கத்தில் கடைசியில் நின்ற அவளுடைய அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அம்மாவின் முகத்தில் வந்த சிரிப்பை நான் அதற்கு முன் வீட்டில் பார்த்ததே இல்லை.

எனக்காக அந்த உதடு ஒரு நாளும் அப்படி அசைந்ததில்லை என்று தோன்றியது. எனக்கு எல்லாம் தட்டாமல் வந்துவிடுவதுதான் நான் செய்த பிழை போலிருந்தது.

ஏலத்தை நான் பார்க்கவில்லை. வேப்பமரத்தடியில் சித்தியோடு உட்கார்ந்திருந்தேன். பிறகு ஓலைப் பந்தலுக்குள் பந்தி வைத்தார்கள். இலை போட்டு எல்லோரும் தரையில் உட்கார்ந்தோம். எனக்கு இந்தப் பக்கம் சித்தி. அந்தப் பக்கம் யாரோ நகர்ந்து இடம்விட, சாராள் வந்து உட்கார்ந்தாள். அம்மா அங்கியைக் கழற்றிவிட்டு, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு குழம்பு வாளியோடு வந்தாள். ஒவ்வோர் இலையாக நின்று, குழம்பு ஊத்தட்டுமா, ஊத்தட்டுமா என்று கேட்டுக்கொண்டே வந்தாள். என் இலைக்கு வந்தாள். எல்லோரிடமும் கேட்ட அதே குரலில், "கொழம்பு ஊத்தட்டா?" என்றாள்.

நான் நிமிரவில்லை. சித்தி பக்கம் திரும்பி, "அம்மா, எனக்குப் போதும்னு சொல்லுங்கம்மா" என்றேன்.

சித்தியின் கை சோற்றில் அப்படியே நின்றது. எதிர்ப்பந்தியில் இருந்த ஒரு பெண், "ஏட்டி, அவிய ஒஞ் சித்தில்லா? அம்மா இங்கன நிக்காவ" என்று சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை. அம்மா கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். அவளுடைய கால்விரல்களை மட்டும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கரிசல் மண் அப்பியிருந்தது. பிறகு அந்தக் கால்கள் நகர்ந்து சாராளின் இலைக்குப் போயின.

எங்கள் பஸ் பொழுது சாயும் முன்பே வந்து அந்த ஊரிலேயே திரும்பிப் போகிற பஸ். அது வருகிற நேரத்தில் அம்மா குருமனை வாசலில் நின்று கூப்பிட்டாள்.

"ஏட்டி, இங்கன வா. தலை கலைஞ்சு கெடக்கு."

தலை கலையவில்லை. சித்தி பின்னினால் மறுநாள் காலை வரை ஒரு முடி விலகாது. உள்ளே போனேன். அவள் என்னைத் தரையில் உட்கார வைத்துத் தான் பின்னால் முக்காலியில் உட்கார்ந்தாள். கனகாம்பரத்தை எடுத்து ஜன்னலில் வைத்தாள். ரிப்பன்களை உருவினாள். இரண்டு சடையையும் அடிவரை அவிழ்த்தாள்.

"சித்தி நல்லாத்தான பின்னிவிட்டாவ" என்றேன்.

"கோணலா இருந்துச்சு" என்றாள்.

சீப்பை எடுத்து வாரத் தொடங்கினாள். சிக்கே இல்லாத தலையைத் திரும்பத் திரும்ப வாரினாள். வாசலில் ஒருவர் வந்து, "அம்மா, அண்டாவ எல்லாம் எங்கன வைக்க?" என்றார். "செத்த இருங்க" என்றாள், திரும்பாமலே. இன்னொருவர் வந்து ஏலத்தில் போன ஆட்டுக்குட்டியைப் பற்றி என்னவோ கேட்டார். "வாரேன்" என்றாள். அவள் எழுந்திருக்கவில்லை. யாராவது அம்மா என்றால் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து போகிறவள் அவள். சாராள் வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நீ வெளிய இருத்தா" என்றாள் அவளிடமும்.

பஸ் ஹாரன் அடித்தது. அப்பா வேகமாக வந்தார்.

"பஸ் வந்துட்டு. இத விட்டா இருட்டுனப்புறந்தான்."

"நிக்கச் சொல்லுங்க" என்றாள் அம்மா.

அப்பா எங்கள் இருவரையும் பார்த்தார். திரும்பிப் போனார். அவர் கண்டக்டரிடம் என்ன சொன்னாரோ தெரியாது. பஸ் நின்றது. ஹாரன் மட்டும் விட்டு விட்டு அடித்துக்கொண்டே இருந்தது. அம்மா அவசரப்படவில்லை. நடுவில் வகிடு எடுத்தாள், பிடிக்கவில்லை போல, அழித்துவிட்டு மறுபடி எடுத்தாள். முடியைப் பிரித்து, ஒவ்வொரு பின்னலையும் இழுத்து இழுத்து இறுக்கி, ஒற்றைச் சடையாகப் பின்னினாள். வலி தாங்காமல் நான் இஸ் என்றேன். "அசையாத" என்றாள். முடித்துவிட்டு என் தலையில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். ஜெபம் பண்ணுகிறாளாக்கும் என்று நினைத்து நானும் கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் சத்தம் எதுவும் வரவில்லை.

பஸ்ஸில் எல்லோரும் எங்களை முறைத்தார்கள். ஒரு சடைக்காக ஒரு பஸ்ஸையே நிறுத்திவைப்பார்களா என்று எனக்கு அம்மாமேல்தான் கோபம். மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது எப்படியும் அவிழ்த்துப் பின்னத்தான் போகிறார்கள். சித்தி என் சடையைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "அக்கா நல்லாத்தான் பின்னியிருக்காவ" என்றாள். சடையை என் முதுகில் விட்டுவிட்டு, கோவில்பட்டி வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே அறுத்து முடித்த வெறும் காடுதான் கிடந்தது. அதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

வீட்டுக்கு வந்து விளக்குப் போட்டதும் சித்தி சீப்போடு வந்தாள். "இறுக்கமா இருக்கும். அவுத்துவிடுதேன், வா" என்றாள். தலை விண்விண்ணென்று தெறித்துக்கொண்டுதான் இருந்தது. இருந்தாலும் நான் சடையை முன்னால் இழுத்து மார்பில் பிடித்துக்கொண்டு, "வேண்டாம், இருக்கட்டும்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. சித்தி சீப்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றாள். பிறகு போய்விட்டாள்.

அன்று எங்களுக்குச் சாப்பாட்டைச் சித்தப்பா கொண்டுவந்து வைத்தார். சித்திக்குத் தலைவலி, படுத்துவிட்டாள் என்றார். எனக்கும்தான் தலை வலிக்கிறது, நான் படுத்தா விட்டேன் என்று நினைத்துக்கொண்டு, தட்டை இழுத்துவைத்துச் சாப்பிட்டேன்.